கழுத்து மாறிய பான்ஜோ

1920களில் அமெரிக்க ஜாஸ் குழுக்களுக்காக கிப்சன் நிறுவனம் நான்கு தந்தி டெனர் பான்ஜோக்களை ஏராளமாகச் செய்தது. கிட்டார் வந்து அவற்றை ஓரங்கட்டியது. 1945இல் புளூகிராஸ் இசைக்கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரலால் மீட்டிய வேகத்தில் ஐந்து தந்தி பான்ஜோவுக்கு மவுசு கூடியது. கிப்சனின் உயர்ரக மாஸ்டர்டோன் வரிசையில் பழைய ஐந்து தந்தி பான்ஜோக்களோ அரிது. அதனால் டெனரின் கழுத்தைக் கழற்றிவிட்டு, ஐந்தாம் மெட்டருகே குட்டைத் தந்திக்குத் தனிப் பிருடை வைத்த புதுக் கழுத்தைப் பூட்டினார்கள். மேப்பிள் மர வளையமும் அதன்மேல் உட்காரும் உலோக வளையமும்தானே நாதத்துக்கு ஆதாரம்? அவை அப்படியே இருக்கும். பழமைப் பித்தர்கள் முகம் சுளிப்பார்கள். வாத்தியம் பெட்டிக்குள் ஊமையாகக் கிடப்பதைவிட இப்படிக் கழுத்தை மாற்றுவது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. பழைய கழுத்தை மட்டும் எறிந்துவிடக் கூடாது. விவரமான சேகரிப்பாளர் அதையும் வாத்தியத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குவார்.