பிழை எண்ணுதலும் அதற்குப் பிறகும்

ஒரு கலைப்படைப்புக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடலாமா என்ற கேள்வியைப் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் என்று நாம் சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்கிவிட முடியாதபடி, மார்க்கையே நம்பிப் பிறந்து வளர்ந்த ஒரு கலை அமெரிக்காவில் இருக்கிறது. ட்ரம் கோர் என்று பெயர். இதைப் பற்றித் தமிழில் எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். படைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள உறவை இவ்வளவு பகிரங்கமாக வேறெங்கும் நான் கண்டதில்லை என்பதுதான் என் பதில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏறத்தாழ 150 இளைஞர்கள். 21 வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. பித்தளை ஊதுகருவிகள், தாளக் கருவிகள், இவற்றோடு கொடிகளையும் மரத்துப்பாக்கிகளையும் வீசிப் பிடித்து ஆடும் ஒரு பிரிவு. கிளாரினெட்டும் புல்லாங்குழலும் கிடையாது. அவை பள்ளி, கல்லூரி மார்ச்சிங் பேண்டைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் வாசித்துக்கொண்டே நடந்தும் ஓடியும், உருவங்களைக் கட்டியும் கலைத்தும் சுமார் பன்னிரண்டு நிமிஷம் நிகழ்த்துவார்கள். கோடை முழுவதும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்து எழுந்து, அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஆகஸ்டில் இறுதிப் போட்டி. அன்றோடு அந்தப் படைப்பு முடிந்தது. அடுத்த வருஷம் வேறு ஆட்கள், வேறு படைப்பு. எழுதி வைத்த இசைத்தாளும் ஒளிப்பதிவும் மிஞ்சும். மறு அரங்கேற்றம் என்பது அநேகமாக இல்லை.

நான் பதிவுகளின் வழியாக மட்டுமே இதை அறிந்த ரசிகன். அந்தக் குறைபாட்டோடுதான் பேசுகிறேன். ஆனால் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவனுக்கு ஒரு விஷயம் புலப்படும். மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். பின்கோட்டில் நிற்பவனின் ஒலி முன்கோட்டுக்கு வந்து சேர ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிறது. நிமிஷத்துக்கு 180 தட்டு என்ற வேகத்தில் இது ஏறக்குறைய அரைத் தட்டு. எல்லோரும் காதை நம்பி வாசித்தால் இசை கந்தலாகிவிடும். ஆகவே பின்னால் இருக்கும் முரசுக்காரர்கள் முன்னால் நடப்பதைக் கேட்கக் கூடாது. நடத்துகிறவன் அவர்கள் பாதங்களைப் பார்த்துக் கையசைக்கிறான். முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் ஒலியோடு சேர்ந்துகொள்கிறார்கள். மைதானத்தில் உள்ள ஒவ்வொருவனும் வெவ்வேறு இசையைக் கேட்கிறான், அவற்றில் பல தாளம் தப்பியவை. எல்லாம் ஒன்றுகூடுவது எதிரே இருக்கையில் உட்கார்ந்திருப்பவனின் காதில்தான். நிகழ்த்துகிறவர்களில் ஒருவர்கூட முழுமையாகக் கேட்க முடியாத ஒரு சங்கீதம் இது. ரசிகனின் இடத்தில்தான் படைப்பு உருக்கொள்கிறது என்று விமர்சனத்தில் தத்துவமாகச் சொல்கிறோமே, அது இங்கே பௌதிக உண்மையாகவே இருக்கிறது.

இப்போது மார்க்குக்கு வருகிறேன். ட்ரம் கோர், ராணுவத்தின் மிச்சம். அமெரிக்கன் லீஜன், வெளிநாட்டுப் போர் வீரர்கள் சங்கம் ஆகிய முன்னாள் சிப்பாய்களின் ஸ்தாபனங்கள் நடத்திய போட்டிகளில் வளர்ந்தது. உடுப்பில் சுருக்கம் விழக் கூடாது, வரிசை கோணக் கூடாது, கொடிக்கு மரியாதை தவறக் கூடாது. ஐந்து கஜத்துக்கு எட்டு அடி, அதாவது அடி ஒன்றுக்கு இருபத்திரண்டரை அங்குலம் என்று கால்களுக்குக் கணக்கு. கருவியும் கட்டுப்பாட்டில் இருந்தது. ஜி சுருதியிலான பியூகிளில் முதலில் வால்வே இல்லை. இரண்டாவது வால்வுக்கு அனுமதி வந்தது 1977இல், மூன்றாவதற்கு 1990இல். ஒரு கருவியில் வராத ஸ்வரத்தை இன்னொரு கருவிக்காரனிடம் கொடுத்து, ஒரே மெட்டைப் பலர் பங்கு போட்டு வாசித்த காலம் அது.

அந்தக் காலத்து மதிப்பீட்டு முறைக்கு டிக் என்று பெயர். கையில் அட்டையும் பென்சிலுமாக நடுவர்கள் மைதானத்தில் வாசிப்பவர்களுக்கு நடுவிலேயே நடப்பார்கள். ஒருவன் அடி பிசகினால் ஒரு கோடு. ஒரு ஸ்வரம் உடைந்தால் ஒரு கோடு. கோடு ஒன்றுக்குப் பத்தில் ஒரு புள்ளி கழிவு. மேலே உட்கார்ந்து ஒட்டுமொத்த விளைவுக்கு மார்க் போடுகிறவர்களும் அப்போது இருந்தார்கள். ஆனால் ஆட்டத்தின் தர்மம் கீழே இருந்த பென்சிலின் கையில் இருந்தது.

இதன் விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். படைப்பு எந்த இடத்தில் உருக்கொள்ளவில்லையோ அந்த இடத்தில் நின்றுகொண்டு நடுவர் அதை அளந்தார். அவர் காதில் விழுந்தது தனித்தனி மனிதர்களின் பிழைகள். நமக்கு இது பழக்கமான காரியம்தான். தளை தட்டுகிறதா என்று வெண்பாவை விரல் விட்டு எண்ணும் பண்டிதர் செய்வதும் இதுவே. அவர் எண்ணிக்கையில் தப்பிருக்காது. தளை தட்டாத வெண்பாக்கள் ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டு அவற்றில் கவிதை இல்லாமல் போனதற்கு மட்டும் அவரிடம் கணக்கில்லை.

அணி நடத்துகிறவர்கள் 1971இல் சேர்ந்து, சிப்பாய் ஸ்தாபனங்களின் பிடியிலிருந்து விலகி, ட்ரம் கோர் இன்டர்நேஷனல் என்ற சொந்த அமைப்பை உண்டாக்கினார்கள். முதல் போட்டி 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் நடந்து, அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது. ஆனால் டிக்கை ஒழிக்க 1984 வரை ஆயிற்று. அந்த வருஷத்திலிருந்து நடுவர்கள் பிழையைக் கழிப்பதை விட்டு, சாதித்ததைக் கூட்டத் தொடங்கினார்கள்.

ரசிகர்களிடையே இதை விடுதலைச் சரித்திரமாகச் சொல்கிற வழக்கம் உண்டு. விதி தளர்ந்தது, கலை பிறந்தது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நியூ ஜெர்ஸியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் அணிக்கு ஜார்ஜ் ஸிங்காலி அமைத்த நகர்வுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் சரிசமமாக நின்றுகொண்டிருந்த வடிவங்களை அவர் உடைத்தார். வளைவு இன்னொரு வளைவுக்குள் உருகி, கண் பின்தொடர்வதற்குள் வேறொன்றாகியது. சமச்சீர் போயிற்று. கட்டம் கட்டமாகப் பார்த்துப் பழகிய பார்வையும் அதோடு போயிற்று. இந்தப் பாணியோடு அந்த அணி முதல் முறையாகப் பட்டம் வென்றது 1983இல், டிக் அமலில் இருந்த கடைசி வருஷத்தில். பென்சில்கள் நடுவில் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு அடியிலும் புள்ளி இழக்கும் அபாயத்தோடு அவர்கள் ஓடினார்கள். விதி பின்னால்தான் வந்தது. படைப்பு முதலில் விதியை அபத்தமாக்குகிறது. அதன் பிறகு குழு கூடித் தீர்மானம் போடுகிறது. யாப்பு ஒழிந்ததனால் புதுக்கவிதை வந்தது என்று சொல்கிறவர்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே தகராறு இது.

1984க்குப் பிறகு நடந்தது சிக்கலானது. பிழை எண்ணிய நடுவர் அழகைப் பற்றி அபிப்பிராயம் சொல்லவில்லை. அதைக் கூட்டத்திடம் விட்டிருந்தார். அவருடைய அதிகாரம் அற்பமானது, அதனாலேயே ஓரளவு நேர்மையானது. புதிய நடுவரோ விளைவுக்கே மார்க் போடுகிறார். மொத்தம் நூறில் நாற்பது புள்ளி பொது விளைவுக்கு என்று பிற்காலத்தில் நிலைபெற்றது. என்ன உணர வேண்டுமோ அதை ரசிகனுக்குப் பதிலாக அவர் உணர்ந்து, தசமத்தில் எழுதித் தருகிறார். அணிகளும் மெல்ல மெல்ல அவரை நோக்கியே பேசத் தொடங்கின. நிகழ்ச்சிகளுக்குத் தலைப்பும் கருத்தும் விளக்கமும் சேர்ந்தன. 2004இல் ஒலிபெருக்கியும் 2009இல் மின்னணுக் கருவிகளும் அனுமதிக்கப்பட்டபின், பதிவுசெய்த குரல் ஒன்று இதன் அர்த்தம் இது என்று மைதானத்துக்கே சொல்வது சகஜமாயிற்று. அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம், கவிதைக்குக் கீழே கவிஞரே எழுதிவிடும் பொழிப்புரை ஞாபகம் வருகிறது.

எல்லாச் சிக்கலும் ஒரே இரவில் திரண்டது 1993 ஆகஸ்டில், மிஸிஸிப்பி மாநிலத்து ஜாக்ஸனில். ஸ்டார் ஆஃப் இந்தியானா என்ற அணி பார்பரின் மெடியாவையும், தந்தி வாத்தியங்களுக்கும் தாளத்துக்கும் செலெஸ்டாவுக்குமாக பார்டோக் எழுதிய இசையையும் எடுத்துக்கொண்டது. மெட்டு என்று பிடித்துக்கொள்ள அதிகம் இல்லை. ஊதுகிறவர்கள் கருவியைத் தாழ்த்தி உடம்பால் பேசினார்கள். கூட்டம் கைதட்டுவதற்கென்று வழக்கமாக விட்டுவைக்கும் இடங்கள் மறுக்கப்பட்டிருந்தன. கழுத்தில் கத்தி வைத்தது போன்ற மௌனங்கள். அந்த வருஷம் அவர்கள் போன இடங்களில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். இறுதிப் போட்டியில் கேடட்ஸுக்கு 97.4, ஸ்டாருக்கு 97.3.

பத்தில் ஒன்று. பழைய முறையில் ஒரே ஒரு பென்சில் கோட்டின் பெறுமானம். யாருடைய எந்தக் கால் பிசகியது என்று அப்போது காட்டியிருக்க முடியும். இப்போது அந்தப் பத்தில் ஒன்று எதைக் குறிக்கிறது? குரூரத்தைவிட உற்சாகம் 0.1 மேலானதா? கேடட்ஸின் நிகழ்ச்சி மட்டமானது என்று சொல்ல மாட்டேன். ஹோல்ஸிங்கரின் இசையை அவர்கள் அசுர வேகத்தில் எழுப்பிக் காட்டியது அசாத்தியமானது. என் புகார் ஒன்றுதான். இரண்டும் ஒரே கோலால் அளக்கக் கூடியவை என்ற பாவனை அன்றிரவு அம்பலமாயிற்று. மார்க் போட்டவர்கள் அதைக் கவனிக்காததுபோல வீட்டுக்குப் போனார்கள்.

ஸ்டார் போட்டியை விட்டே விலகியது. அதன் மனிதர்களும் உத்திகளும் அரங்கத்துக்குள் போய் ப்ளாஸ்ட் என்ற மேடை நிகழ்ச்சியாகி, பிராட்வேயில் 2001இல் டோனி விருது பெற்றன. போட்டியிலிருந்து விடுபட்ட கலை அங்கே உச்சத்தைத் தொட்டிருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அந்த மேடை நிகழ்ச்சி இனிப்பாக இருக்கிறது. தூரம் போய்விட்டது. அந்த ஏழில் ஒரு விநாடியின் அபாயம் போய்விட்டது. கைதட்டலுக்கான இடங்கள் திரும்பி வந்துவிட்டன. நடுவரை எதிர்த்து இறுகி நின்றது, டிக்கெட் வாங்கியவனை உபசரிக்கத் தொடங்கியதும் தளர்ந்துவிட்டது. ஆகவே மார்க்கை ஒழித்தால் கலை தழைக்கும் என்றும் நான் சொல்ல முடியாது. எதிர்த்து நிற்க ஒன்று இல்லாமல் இந்தக் கலைக்கு முதுகெலும்பு இருந்திருக்காது. சந்தை அந்த எதிர்ப்பைத் தராது, அது எல்லாவற்றுக்கும் தலையாட்டும்.

இத்தனைக்கும் மனிதர்கள் கொடுத்த விலை என்ன என்று கேட்காமலும் இருக்கக் கூடாது. பல ஆயிரம் டாலர் கட்டிச் சேர்ந்து, வெயிலில் நாள் முழுக்க நின்று, இருபத்தோரு வயதோடு வெளியேற்றப்படுகிறவர்கள் அவர்கள். கட்டுப்பாட்டின் பெயரால் பெரியவர்கள் கையில் சேர்ந்த அதிகாரம் துஷ்பிரயோகம் ஆனதைப் பற்றிய குற்றச்சாட்டுகள் 2018 முதல் பகிரங்கமாயின. 1934இல் தொடங்கிய கேடட்ஸ் 2024இல் நடமாட்டத்தை நிறுத்திக்கொண்டது. ஸ்தாபனத்தின் பாவத்தைச் சொல்லி ஸிங்காலியின் வளைவுகளை அழித்துவிட முடியாது. வளைவுகளின் அழகைச் சொல்லிப் பாவத்தை மூடவும் கூடாது. இரண்டையும் ஒருசேரச் சொல்ல எந்த மதிப்பெண் தாளிலும் கட்டம் இல்லை.

2014இல் ப்ளூ டெவில்ஸ் 99.65 வாங்கியது. அதுவரை யாரும் வாங்காத மார்க். பிழையைக் கழிக்காத ஒரு முறையில், அந்த மீதி 0.35 எங்கே போயிற்று என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். எந்த நிமிஷத்தில், எந்த மூலையில், அழகு 0.35 அளவுக்குக் குறைந்தது? பதில் கிடையாது, ஏனென்றால் அந்த எண் எதையும் சுட்டவில்லை. டிக் முட்டாள்தனமானதுதான், ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு கால், ஒரு உதடு இருந்தது. அதைத் துறந்தபோது அதன் இடத்தில் வந்திருக்க வேண்டியது விமர்சனம். ஏன் என்று சொல்லும் வாக்கியம். வந்தது இன்னும் நுணுக்கமான எண். 2008இல் பட்டமே 0.025இல் தீர்மானமாயிற்று.

அந்த வாக்கியம் நடுவர்களிடமிருந்து வரவில்லை. ரசிகர்களிடமிருந்து வந்தது. 1993இன் முடிவு பதிவேட்டில் ஏறி முப்பது வருஷத்துக்கு மேலாகியும், ஸ்டார் அன்று செய்தது என்ன என்று அவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அன்று கூச்சலிட்டவர்களில் சிலரே பின்னால் அதன் வக்கீல்களாக மாறியிருக்கிறார்கள். ஒரு நிமிஷத்தைக் குறிப்பிட்டு, ஒரு மௌனத்தைக் குறிப்பிட்டு, அது தங்களுக்கு என்ன செய்தது என்று சொல்லப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் திக்கித் திணறுகிறார்கள். சிலருக்கு இலக்கணமும் சரியாக வருவதில்லை. இருந்தும் ட்ரம் கோரில் விமர்சனம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது. பொதுமக்களுக்குப் புரிகிறதா என்பதை வைத்தும், பரிசு கிடைத்ததா என்பதை வைத்தும் படைப்பை அளக்கிற நம் ஊர்க்காரர்கள் இந்தத் திணறலைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.