வெறும் மணல்

அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர் பகுதிகளின் வட்டார வரலாற்றைச் சொல்லும்போது ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. ‘அந்தக் காலத்தில் இங்கே வெறும் மணல்தான் இருந்தது.’ நினைவு மலர்களில் வருகிறது, ஞாயிறு இணைப்புகளில் வருகிறது, பழைய குடியிருப்புவாசிகளின் பேச்சில் வருகிறது. அடுத்த வாக்கியத்தில் ஒருவர் வருவார், மரம் நடுவார், மணல் சோலையாகிவிடும். வரலாறும் அங்கிருந்துதான் தொடங்கும். நான் பேச விரும்புவது அந்த முதல் வாக்கியத்தைப் பற்றி. அதிலும் ‘வெறும்’ என்ற சொல்லைப் பற்றி.

இந்தக் கதையை ஐயத்தோடு பார்ப்பது பெண்ணியவாதிகளான நமக்குக் கொஞ்சம் கடினம். இதன் நாயகர்களில் பலர் பெண்கள். பிரம்மஞான சபை 1882இல் அடையாற்றங்கரையில் ஒரு தோட்டத்தை வாங்கியது. 1907 முதல் 1933 வரை தலைவராக இருந்த அன்னி பெசன்ட் காலத்தில் அது பல மடங்கு விரிந்தது. ஆறு கடலைச் சேருமிடத்தில் 250 ஏக்கருக்கும் மேலான அந்தச் சோலை இன்றும் நகரத்துக்குள் காடாக நிற்கிறது. 1917இல் பெசன்ட்டும் மார்கரெட் கசின்ஸும் டோரதி ஜினராஜதாசாவும் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியது அடையாற்றில்தான். அதன் இதழான ‘ஸ்த்ரீ தர்மா’வை முப்பதுகளில் நடத்தியவர் முத்துலட்சுமி ரெட்டி. அவ்வை இல்லமும் 1954இல் வந்த புற்றுநோய் மருத்துவமனையும் அவருடைய உழைப்பு. ருக்மிணி தேவி 1936இல் சபையின் தோட்டத்துக்குள் தொடங்கிய கலாக்ஷேத்ரா, 1962இல் திருவான்மியூர்க் கடற்கரை மணலுக்கு இடம் மாறியது. மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. மரத்தையும் மாட்டையும் சுவடியையும் காப்பாற்றிய பெண்கள் ஒரே வட்டாரத்தில் இத்தனை பேர். பெண்களின் வட்டார வரலாறு எழுத வேண்டும் என்று வரும் மாணவி இந்தப் பட்டியலோடு நிறைவடைந்துவிட முடியும். பலர் நிறைவடைகிறார்கள்.

பட்டியலில் எனக்குக் குறையில்லை. ஆனால் இவர்கள் வருவதற்கு முன்பு மணலில் யாரும் இல்லையா? சபையின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் இருக்கின்றன. என் மாணவி ஒருத்தி அங்கே மீன் விற்கும் ஒரு மூதாட்டியிடம், “ஆயா, முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?” என்று கேட்டாள். “இன்னா இருந்துச்சா? வல காயும், நெத்திலி காயும். வெயில் காலத்துல ராத்திரி எல்லாரும் இங்கதான் கண்ணு படுப்போம். எனக்கு மொதப் புள்ள வலி எடுத்ததும் இங்கதான்” என்றார். மாணவி வைத்திருந்த கள ஆய்வுப் படிவத்தில் ‘முந்தைய நிலப் பயன்பாடு’ என்றொரு கட்டம். அதில் தரிசு, புறம்போக்கு, விளைநிலம், கட்டடம் என்று நான்கு தேர்வுகள். ஆயா சொன்னது நான்கிலும் அடங்கவில்லை. மணல் அவர்களுக்குக் களம், பட்டறை, படுக்கை. இதில் எதற்கும் பட்டா கிடையாது. நிலத்தை மாற்றியவர்களுக்கு ஆவணம் உண்டு. மாற்றாமல் பயன்படுத்தியவர்களுக்கு இல்லை. ஆவணத்தை மட்டும் படிப்பவருக்கு அந்த நிலம் வெறுமையாகத்தான் தெரியும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாடம் ஒன்று உண்டு, அதுவும் நம்முடைய தொண்டை நாட்டைப் பற்றியதே. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியிலிருந்த இளந்திரையனிடம் போகச் சொல்லிப் பாணனுக்கு வழிகாட்டுகிறது. அந்த வழியில் எயினரின் குடிசைகள் வருகின்றன. ஈந்தின் இலை வேய்ந்து, முள்ளம்பன்றியின் முதுகுபோலத் தோன்றும் குடிசைகள். உள்ளே பிள்ளை பெற்றவள் மான்தோலில் குழந்தையோடு படுத்திருக்கிறாள். அவளை விட்டுவிட்டு மற்ற எயிற்றியர் கிளம்புகிறார்கள். கையில் இரும்புப் பூண் போட்ட கோல். கரம்பை நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். முற்றத்து விளாமர நிழலில் பார்வை மான் கட்டியிருக்கிறது. அங்கேயே நிலவுரலில் இட்டுக் குற்றுகிறார்கள். ஆழத் தோண்டிய கிணற்றில் ஊறும் கொஞ்சம் உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையில் உலை வைக்கிறார்கள். வழியில் வரும் பாணர் கூட்டத்துக்கும் உணவு கிடைக்கிறது.

வகுப்பறையில் இந்தப் பகுதி வழக்கமாக இரண்டு தலைப்புகளில் நடத்தப்படுகிறது. ஒன்று பாலை நில மக்களின் வறுமை, மற்றொன்று அவர்களின் விருந்தோம்பல். தேர்வுக்கு இரண்டும் போதும். ஆனால் பாட்டில் இருப்பதைச் செயல்களாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் புற்றில் தானியம் இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பருவத்தில் எறும்பு சேர்க்கும், எவ்வளவு எடுக்கலாம், எங்கே தோண்டினால் உவராகவாவது நீர் ஊறும், யார் போவது, யார் இருப்பது, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். உடைந்த பானையை வைத்து ‘வறுமை’ என்று எழுதிவிடுகிறோம். பூண் கட்டிய கோலை வைத்து ‘தொழில்நுட்பம்’ என்று எழுதுவதில்லை. அதே ஆற்றுப்படையில் உழவர் வருகிறார்கள், வலைஞர் வருகிறார்கள். அவர்கள் கருவியைத் தொழிலாகப் படிக்கும் நாம் எயிற்றியின் கோலை இல்லாமையின் அடையாளமாகப் படிக்கிறோம். புலவரின் கண் நம் கண்ணைவிடக் கூர்மையாக இருந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளை வேலைக்கு இழுக்காத ஒரு ஏற்பாட்டை அவர் போகிறபோக்கில் பதிவு செய்திருக்கிறார்.

திணைக் கோட்பாட்டின் பங்கும் இதில் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். இதன்படி பாலைக்கென்று சொந்த நிலம் இல்லை. வேறொன்று கெட்டுப்போனால் கிடைப்பதே பாலை. அகப்பாடல்களிலோ அது பெரும்பாலும் தலைவன் கடந்துபோகும் வழி. வீட்டிலிருக்கும் தலைவி அஞ்சிக் கற்பனை செய்யும் இடம். அங்கேயே வாழ்பவளுக்கு அகத்தில் பேச்சு அரிது. கடந்துபோன பெண் ஒருத்தி நினைவுகூரப்படுகிறாள். அகநானூற்றின் 147ஆம் பாட்டில் ஔவையார் வெள்ளிவீதியை எடுத்துச் சொல்கிறார். பிரிந்தவனைத் தேடி நடந்தவள் என்று மரபு அவளை அறியும். ஒரு பெண்புலவர் நடந்ததை இன்னொரு பெண்புலவர் பாலைப்பாட்டில் எழுதி வைத்தது எனக்கு மிகப் பிடித்த இலக்கிய வரலாற்றுச் செய்தி. ஆனாலும் வெள்ளிவீதியும் அங்கே வழிப்போக்கர்தான். கோலோடு நிற்கும் எயிற்றிக்குப் பெயர் இல்லை.

இந்த இடத்தில் அமெரிக்கப் பாலையில் வாழ்ந்து எழுதிய மேரி ஆஸ்டினை நினைத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் குடியிருந்து, அந்த வறண்ட நிலத்தைப் பற்றி 1903இல் ‘சிறுமழை நாடு’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு நூலை எழுதினார். செடி, விலங்கு, நீர்த்தடம், மனிதர்கள் எல்லாம் அதில் உண்டு. கூடை முடையும் செயாவி என்ற பையூட் இனப் பெண்ணுக்கென்று ஓர் அத்தியாயமே வைத்தார். செயாவியின் கைத்திறனையும் தனியே பிள்ளை வளர்த்த துணிவையும் அவர் மதித்தது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் பேசுபவர் ஆஸ்டின், பேசப்படுபவள் செயாவி. நூலுக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1913இல், அந்தப் பள்ளத்தாக்கின் நீரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் கால்வாய் வெட்டிக் கொண்டுபோனது. ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதிக்காடானது. நகரம் வந்த பிறகுதான் அந்த நிலம் வெறுமையானது. நம் ‘முன்பு வெறும் மணல்’ கதையைத் தலைகீழாக்கிப் பார்க்க இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

சோலையும் காப்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சபையின் மதில் இல்லாதிருந்தால் அங்கே இன்று என்னென்ன அடுக்குமாடிகள் இருந்திருக்கும் என்று இந்த ஊரில் வாடகை கொடுப்பவர் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. எனக்குப் பிரச்சினை, காப்பாற்றியதை நியாயப்படுத்த முன்பிருந்ததை இழிவுபடுத்துவதில்தான். தமிழில் இந்த இழிவுக்குப் பெண்ணுடம்பின் சொற்கள் தயாராக இருக்கின்றன. பயிர் விளையாத மண் மலட்டு மண். பிள்ளை பெறாதவள் மலடி. வரி கட்டாத நிலம் புறம்போக்கு, அதுவே மனிதரை ஏசும் சொல். வருவாய்த் துறையும் மாமியாரும் ஒரே அகராதியை வைத்திருக்கிறார்கள்.

இதற்கு எளிதான ஒரு பதில் உண்டு. அதில்தான் எனக்குத் தயக்கம். இந்த மணல் மலடல்ல. தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் கரையேறி, ஒவ்வொன்றும் நூறு முட்டைக்குமேல் புதைத்துப் போகின்றன. மாணவர்களின் கடலாமைக் காப்புக் குழுவொன்று 1988 முதல் இரவெல்லாம் இந்தக் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காக்கிறது. அருமையான வேலை. ஆனால் ‘மணலும் ஈனும், ஆகவே அது மதிப்புள்ளது’ என்று வாதாடினால் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறோம். ஆமை வராத வருடம் மணல் மறுபடி வெறுமையாகிவிடுமா? ஈனாத நிலமும் நிலந்தான்.

பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றினார். அவர் மறைந்தபின், 1943இல், அவர் சேர்த்த சுவடிகளுக்காக நூலகம் அமைத்தவர் ருக்மிணி தேவி. அது இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது, கடலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். முனைவர் பட்ட ஆய்வின்போது நான் அங்கே உட்கார்ந்து ஆற்றுப்படைகளைப் படித்திருக்கிறேன். மதியம் வெளியே வந்தால் தெருவில் மீன் கூடை போகும். ‘வெறும் மணல்’ என்று சொல்லப்பட்ட இடத்தில் பனையோலைகள் பத்திரமாக இருப்பதற்கு ஒரு பெண்ணின் முயற்சி காரணம். அதை நன்றியோடு சொல்வதற்கும் ஆயா சொன்னதை அதே வரலாற்றில் எழுதுவதற்கும் முரண் ஏதும் இல்லை. ஒன்றை எழுத மற்றதை அழிக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டியிருக்கிறது.

இப்போது எயினர் பகுதியை நடத்தும்போது முதலில் உரை சொல்வதில்லை. முற்றத்தை வரையச் சொல்கிறேன். விளாமரம் எங்கே, மான் எங்கே, உரல் எங்கே, கிணறு எவ்வளவு தூரம். கரும்பலகையில் ஆளுக்கொன்று வரைவார்கள். குடிசைக்குள் படுத்திருப்பவளை மறக்காமல் வரைபவர்கள் பெரும்பாலும் வீட்டில் சமைத்துவிட்டு வரும் பெண்கள். போன பருவத்தில் ஒருத்தி கேட்டாள்: “எல்லாரும் கோலை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க மேடம், அவளுக்குக் கஞ்சி யாரு குடுத்தா?” பாட்டில் அது இல்லை. மீதி வகுப்பு அதிலேயே போனது.