வரம் கேட்ட மலை

ஸ்பெயினில் கிரானடாவுக்கு வடக்கே மோக்லின் என்று ஒரு மலையூர். அங்கே கோயிலில் இருப்பது சிலுவை சுமக்கும் கிறிஸ்துவைத் தீட்டிய துணிப்படம். ஆண்டுதோறும் அக்டோபர் 5ஆம் தேதி அதை ஊர்வலமாக எடுத்துவருவார்கள். பிள்ளையில்லாத பெண்கள் வரம் கேட்டு அந்த மலை ஏறுவது பழைய வழக்கம். அந்தச் சமவெளியில் பிறந்த லோர்க்கா, இந்த விழாவை மனத்தில் வைத்துத்தான் ‘யெர்மா’ நாடகத்தின் கடைசிக் காட்சியை எழுதினார். 1934 டிசம்பரில் மாட்ரிடில் அது மேடையேறியது.

முதல் தடவை படித்தபோது எனக்கு முடிவு பிடிக்கவில்லை. வரம் கேட்க வந்தவள் கணவனின் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். கைதட்டலுக்காகச் செய்த வேலை என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சமீபத்தில் மறுபடி படித்தேன். தவறு என்னுடையதுதான்.

விழாவுக்குத் தனி ஆண்களும் கூட்டமாக வருகிறார்கள். வரம் பலிப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது ஊரறிந்த ரகசியம். ஒரு கிழவி தன் மகனோடு வந்துவிடும்படி யெர்மாவை அழைக்கிறாள். யெர்மாவுக்கு மானம் பெரிது; மறுத்துவிடுகிறாள். உடனே கணவன் வந்து, பிள்ளை தனக்கு வேண்டியதே இல்லை என்கிறான். ஊர் காட்டிய வழியை அவள் அடைத்தாள். மிஞ்சிய வழியை அவன் அடைத்தான். வீட்டுக்குள் நடந்திருந்தால் இது வெறும் சண்டை. ஊரே வரம் கேட்டு நிற்கும் இடத்தில் நடப்பதால்தான் நெஞ்சை அடைக்கிறது.

முகமூடி ஆட்டம் சற்று நீளம் என்பேன். ஆனால் லோர்க்கா பக்தியைக் கேலி செய்யவில்லை. பக்தியின் மறைவில் ஊர் செய்துகொள்ளும் சமரசத்தைக் காட்டுகிறார். அதில் சேராதவள், கணவனைக் கொன்றுவிட்டு, பிறக்காத பிள்ளைக்காக அலறுகிறாள்.