களரியும் காட்சிப்பொருளும்

2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரையில் உல்லாச விடுதிகள் எழுந்துள்ளன. மட்டக்களப்புக் கூத்தை யார், யாருக்காகப் பேணுவது என்ற வினாவும் இதனால் கூர்மை பெறுகின்றது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். கற்றோரிடையே கூத்தின் மதிப்பு உயர்ந்தது. ஆயின் வட்டக்களரியும் அதனைச் சூழ்ந்த ஊரும் மேடைக்கு வெளியே நின்றன. 2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையில் மேற்கொண்ட மீளுருவாக்கமோ, ஆடுவோரையே விவாதத்துக்கு அழைத்தது. பெண்பாத்திரச் சித்திரிப்பும் சாதியும் களரியிலேயே கேள்விக்குள்ளாயின. இவ்வேறுபாட்டையே நாம் முதன்மையாகக் கருதுகின்றோம்.

விடுதியின் இரவுணவு வேளைக்கு அளந்து நறுக்கப்படும் கூத்து அண்ணாவியாரைக் கூலியாளாக்கும். பயணி ஊர்க்களரிக்கு வரட்டும். கதையையும் காலத்தையும் கட்டணத்தையும் ஊரவரே தீர்மானிக்கட்டும். ஆடுவோருக்கு உரிமையில்லாத கலைப்பாதுகாப்பு, பண்டமாக்கலின் மறுபெயரே என்பது எமது துணிபு.