பற்காரையில் ஒட்டிய நீலம்

2019 ஜனவரியில் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரையை மறுபடி படிச்சேன். அனிதா ரடினி, கிறிஸ்டினா வாரினர் குழு எழுதியது. ஜெர்மனியில் டால்ஹைம் என்ற இடத்துப் பெண் துறவியர் மடத்தின் கல்லறையிலிருந்து ஒரு பெண்ணின் எலும்புக்கூடு, இறந்தது கி.பி. 997க்கும் 1162க்கும் இடையில். அவருடைய பற்காரையில் நூற்றுக்கும் மேற்பட்ட நீலத் துகள்கள். உடனே “ஓவியம் தீட்டிய கன்னியாஸ்திரி” என்று பரவிடுச்சு. கட்டுரை அவ்வளவு உறுதியாச் சொல்லலைங்க.

கட்டுரையின் பலம் கனிமவியல்தான். பல்லில் படியும் பாக்டீரியாப் படலம், எச்சிலிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் வாங்கிக் கல்லாகிறது. அதில் முக்கியமா நாலு படிகங்கள்: புருஷைட், ஆக்டாகால்சியம் பாஸ்பேட், விட்லாகைட், ஹைட்ராக்சிஅபடைட். புதுக் காரையில் புருஷைட் அதிகம். பழசாக ஆக ஹைட்ராக்சிஅபடைட். நாலுமே கால்சியம் பாஸ்பேட் வகைதான். நீலத் துகளோ லாசுரைட்: சோடியம், அலுமினியம், சிலிக்கான், கூடவே நீலம் தரும் கந்தகம். வாயில் அது தானா விளையாது. ராமன் நிறமாலை அதை உறுதி செய்தது. இதுவரை எனக்கு மறுப்பே இல்லை.

அது ஏன் வாய்க்குள் போச்சு என்பதில்தான் சிக்கல். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாரா, வண்ணக்கல்லை அரைத்தாரா, மருந்தாக உண்டாரா, ஓவியத்தை முத்தமிட்டு வணங்கினாரா? நாலையும் அலசிவிட்டு, முதல் இரண்டின் பக்கம் சாய்கிறார்கள். காரையில் துகள்கள் பரவலாகக் கிடந்ததால், பலமுறை உள்ளே போயிருக்கணும் என்பது வாதம். சரிதான். ஆனா தினமும் கல் அரைக்கிறவர் வாயிலும் தூசி அப்படித்தானே படியும்? படிகம் முதிர்வதை வைத்து எத்தனை வருஷம் என்று கணக்குப் போடவும் முடியாது. காரையை மென் அமிலத்தில் கரைச்சா, அடுக்குகளின் வரிசையும் கூடவே போயிடும்.

இந்தக் கவனம் ஏன் வேணும்? அந்தக் காலத்தில் ஏடெழுதினவர்கள் பெரும்பாலும் பெயர் போடலை. பெண்கள் அதைவிடக் குறைவு. “பெண்ணும் வரைந்தாள்” என்பதற்கு மிகையான ஆதாரம் காட்டினால், நாளைக்கு ஒருத்தர் அதை உடைக்கும்போது வாதமே சேர்ந்து உடையும். அவர் அரைத்துத்தான் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்க. ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் சுரங்கத்து விலை உயர்ந்த கல்லை நம்பி ஒப்படைத்த வேலைதானே அதுவும்? அதைக் கீழாக நினைக்க எனக்கு மனசு வரலை.