தவறிய ஆட்டங்களின் கணக்கு

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் காயம் என்பதற்கு ஒரே வரியில் வரையறை உண்டு: எந்த உடற்கோளாறு ஒரு வீரரை ஓர் ஆட்டத்தையாவது தவறவிட வைக்கிறதோ, அதுவே காயம். ஏ.எஃப்.எல். என்னும் தேசியத் தொடரின் காயக் கணக்கெடுப்பு 1992 முதல் இந்த வரையறையைக் கொண்டே நடக்கிறது. மருத்துவர்கள் ஜான் ஆர்ச்சர்டும் ஹியூ சீவர்டும் நெடுங்காலம் முன்னின்று நடத்திய அந்தக் கணக்கெடுப்பின் முடிவுகள் ஆண்டுதோறும் பொதுவெளிக்கு வந்தன. தொழில்முறை விளையாட்டு உலகில் இது அரிய வழக்கம். ஒரு கிளப் தன் வீரர்களின் உடம்பை எப்படிப் பார்க்கிறது, எதைக் குணப்படுத்துகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்பதெல்லாம் பெரிதும் இந்த ஒற்றை வரி வரையறையிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த ஆட்டம் உடம்பிடம் கேட்பது அதிகம். கிரிக்கெட் நேயர்களுக்கு நன்கு தெரிந்த மெல்போர்ன் எம்.சி.ஜி. போன்ற நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் இறங்குகிறார்கள். கால்பகுதி ஒன்றுக்கு 20 நிமிடம் என்று நான்கு கால்பகுதிகள். பந்து நிற்கும் நேரம் தனியே சேரும். நடுக்கள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். ஓடுகிற வேகத்தில் குனிந்து பந்தை அள்ள வேண்டும், நீளமாக உதைக்க வேண்டும், பிறர் தோள்மேல் எழும்பிப் பந்தைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்தும் வரும் மோதலைத் தாங்க வேண்டும். கெட்டியான ஹெல்மெட்டும் இல்லை, தோள்கவசமும் இல்லை.

இருபதாண்டுத் தரவைத் தொகுத்து 2013இல் வெளியான கட்டுரையின்படி, அதிகம் வரும் காயம் தொடையின் பின்பக்கத் தசையில் ஏற்படும் ஹாம்ஸ்ட்ரிங் கிழிவு. சராசரியாக ஒரு கிளப்புக்கு ஒரு சீசனில் 6 கிழிவுகள். அவற்றால் தவறும் ஆட்டங்கள் சுமார் 20. இப்படி எண்ணாகக் கண்முன் நிற்கும் இழப்பைப் பயிற்சியாளரும் நிர்வாகமும் தள்ளிவைக்க முடியாது.

கணக்கெடுப்பின் வலிமைக்குத் தெளிவான சான்று 2005இல் வந்த விதி மாற்றம். அப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கும்போது நடுவட்டத்தில் நடுவர் பந்தைத் தரையில் அறைந்து எழுப்புவார். இரு அணிகளின் உயரமான ‘ரக்’ வீரர்கள் தொலைவிலிருந்து ஓடிவந்து துள்ளி அதைத் தட்டுவார்கள். முழங்காலும் முழங்காலும் நேருக்கு நேர் மோதி, மூட்டின் பின்புற லிகமென்ட் அறுந்த நிகழ்வுகள் தரவில் கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. அதையொட்டி, ஓடிவரும் தொலைவைக் கட்டுப்படுத்த 10 மீட்டர் விட்டத்தில் வெளிவட்டம் ஒன்று வரையப்பட்டது. அந்த வகைக் காயம் சட்டென்று குறைந்தது. மருந்தோ கருவியோ தேவைப்படவில்லை. ஒரு சுண்ணாம்புக் கோடு போதுமானதாக இருந்தது. எண்ணிக்கை வெளிப்படையாக இருந்ததால்தான் அந்தக் கோட்டைப் போட முடிந்தது என்பதை மறக்கக் கூடாது.

ஹாம்ஸ்ட்ரிங்கில் முன்னேற்றம் மெதுவாகவே வந்தது. 1990களின் இறுதியில் கிழிந்த தசைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அதே சீசனில் மறுபடியும் கிழிந்தது. வலி போனதும் களமிறக்கும் வழக்கமே இதற்குப் பெரும்பங்கு காரணம். வலி போவதும் தசை வலுப்பெறுவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இன்று ஏறக்குறைய எல்லா கிளப்புகளின் பயிற்சிக் கூடத்திலும் காணக்கூடிய ஒரு சோதனை இந்த வேறுபாட்டை அளக்கிறது. வீரர் மெத்தை பதித்த பலகையில் மண்டியிடுகிறார். கணுக்கால்கள் இரண்டும் கொக்கிகளில் மாட்டப்படுகின்றன. இடுப்பை மடக்காமல், கைகளை மார்போடு வைத்துக்கொண்டு, உடம்பை முன்னோக்கி மெல்ல மெல்லச் சாய்க்கிறார். தரையில் விழாமல் தடுப்பது தொடையின் பின்தசை மட்டுமே. எந்தக் காலில் எவ்வளவு விசை என்பது திரையில் நியூட்டன் அளவில் ஏறுகிறது. டேவிட் ஓபாரும் சக ஆய்வாளர்களும் ஏ.எஃப்.எல். வீரர்களிடம் இதை அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், சீசனுக்கு முந்தைய பயிற்சியின் தொடக்கத்தில் 256 நியூட்டனுக்குக் கீழே இருந்தவர்களுக்குக் கிழிவு அபாயம் 2.7 மடங்கு இருந்தது. வயது கூடுவதால் வரும் அபாயத்தையும் தசைவலு ஓரளவு ஈடுகட்டியது. இதை வைத்து யாருக்கு எப்போது கிழியும் என்று ஆரூடம் சொல்ல முடியாது. வலு ஏற்றும் பயிற்சியைத் தவறாமல் செய்தால் ஒட்டுமொத்தமாகக் கிழிவு குறையும் என்று சொல்லலாம். திரும்பக் கிழியும் விகிதம் இருபதாண்டுகளில் கணிசமாகக் குறைந்திருப்பது பிசியோக்கள், வலுப் பயிற்சியாளர்கள் ஆகியோரின் பொறுமையான உழைப்புக்குக் கிடைத்த பலன்.

ஆனால் ஒரு கிளப்பின் நலன் இன்னொரு கிளப்பின் காயமாக முடிவதும் உண்டு. களத்திலிருப்பவரை வெளியே அழைத்து, ஓய்வெடுத்தவரை உள்ளே அனுப்பும் மாற்றுமுறை 2000களில் கட்டுக்கடங்காமல் பெருகியது. அடிக்கடி வெளியே வந்து இளைப்பாறியவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் அபாயம் குறைந்தது. அப்படி இளைப்பாறி வந்தவர்களைத் துரத்திய எதிரணிக்கோ அது கூடியது. கணக்கெடுப்புத் தரவே இதையும் காட்டியது. மாற்றங்களுக்கு 2014இல் 120 என்று உச்சவரம்பு வந்தது, 2016இல் 90 ஆனது, 2021இல் 75 ஆனது. இந்த வரம்புக்கு ஆட்ட அழகியல் சார்ந்த காரணங்களும் சொல்லப்பட்டன. எனினும், தனித்தனி கிளப்புகளின் மருத்துவக் குழுக்கள் எவ்வளவு திறமையாக இருந்தாலும், தொடர் முழுவதையும் பார்க்கும் ஒரு கண் தேவை என்பதற்கு இது நல்ல சான்று.

முழங்காலின் முன்புற லிகமென்டான ஏ.சி.எல். அறுவதைப் பொறுத்தவரை காலம்தான் மருத்துவர். அறுவைக்குப் பின் திரும்ப ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகிறது. அந்தக் காத்திருப்பைச் சுருக்கும் ஆசையில், 2008 வாக்கில் சில கிளப்புகள் லார்ஸ் என்னும் செயற்கை இழை லிகமென்டை நாடின. சிட்னி ஸ்வான்ஸ் வீரர் நிக் மால்செஸ்கி அதை வைத்துச் சில மாதங்களிலேயே களம் திரும்பினார். அந்தச் செய்தியை நம்பி உள்ளூர் ஆட்டக்காரர்களும் அதையே கேட்டுவந்தார்கள். இழை அறுதலும் மூட்டு அழற்சியும் தெரியவரத் தெரியவர அறுவை நிபுணர்கள் அதைவிட்டு விலகினர். வெற்றியை உடனே கொண்டாடியவர்கள் தோல்விக்கு அந்த அளவு வெளிச்சம் தரவில்லை.

அதே கிளப்பின் அலெக்ஸ் ஜான்சன் 2012 இறுதியாட்டத்தில் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். அடுத்த சீசனுக்கு முன் அவர் இடது முழங்காலின் ஏ.சி.எல். அறுந்தது. அறுவை, மீள்பயிற்சி, மறுபடி அறுதல் என்று ஐந்து மறுசீரமைப்புகள். நடுவே கிருமித்தொற்றுக்கான அறுவைகள். ஆறாண்டுக்குச் சற்றே குறைவான இடைவெளிக்குப் பின் 2018 ஆகஸ்டில் திரும்பினார். திரும்பிய இரண்டாவது ஆட்டத்தில், எம்.சி.ஜி.யில், வலது முழங்கால் போனது. அத்தனை ஆண்டுகள் அவரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது கிளப்பின் பெருந்தன்மை; ஐயமில்லை. ஆனால் ஒரு மூட்டு எத்தனை அறுவைகளைத் தாங்கலாம் என்ற கேள்விக்குத் தவறிய ஆட்டங்களின் கணக்கில் இடமில்லை. அந்தச் சீசன் முடிவில் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கியதும் அந்த முழங்கால்களும் கணக்கை விட்டு நீங்கின.

வரையறையின் பெருங்குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆட்டத்தைத் தவறவிடாதவருக்குக் காயமே இல்லை என்றாகிறது. வலிமரப்பு ஊசி போட்டுக்கொண்டு இறங்குபவர் முழு உடல்நலத்தோடு இருப்பவராகக் கணக்கில் வருகிறார். இந்த ஊசி ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. விரல், விலா, தோள்பட்டை மேல்மூட்டு போன்ற இடங்களில் அபாயம் ஓரளவு குறைவு, முழங்கால், கணுக்கால் போன்ற பாரம் தாங்கும் மூட்டுகளில் அதிகம் என்று ஆர்ச்சர்டே எழுதியிருக்கிறார். பிரிஸ்பேன் லயன்ஸின் நைஜல் லாப்பின் 2003 இறுதியாட்டத்தில் விலா எலும்பு முறிந்த நிலையில் ஆடினார். அணி தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றது. இருபதாண்டு கழித்தும் அந்த நாள் வீரக்கதையாகவே சொல்லப்படுகிறது. இளம் வீரர் ஒருவர் இந்தக் கதையிலிருந்து கற்பது என்ன என்பதை எந்த மருத்துவக் கையேடும் திருத்திவிட முடியாது.

மூளையதிர்வில் இந்தக் குறை ஆபத்தாகவே மாறியது. அடிபட்டவரிடம் களத்தோரத்தில் கேட்கப்படும் கேள்விகள் எளியவை: இது எந்த மைதானம், இப்போது எந்தப் பாதி, கடைசியாகக் கோல் போட்டது யார், போன வாரம் யாரோடு ஆடினோம், வென்றோமா. நெடுங்காலம் இதில் தேறியவர் அடுத்த வாரமே ஆடினார்; ஆட்டம் தவறாததால் அந்த அடி எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 2021இல் குறைந்தது 12 நாள் ஓய்வு கட்டாயமானது. அதன்பின் மூளையதிர்வு எண்ணிக்கை கூடியதில் ஒரு பங்கு, முன்பும் நடந்துகொண்டிருந்தவை வெளிச்சத்துக்கு வந்ததால் நேர்ந்தது. இந்த விதியின் பெருஞ்சிறப்பு, முடிவைக் கிளப்பின் கையிலிருந்து நாள்காட்டிக்கு மாற்றியது. கிளப் மருத்துவருக்கு ஊதியம் தருவது கிளப். நல்ல மருத்துவர் அந்த அழுத்தத்துக்கு வளையமாட்டார்தான். ஆனால் அமைப்பு ஒன்று தனிமனிதரின் நெஞ்சுறுதியை மட்டும் நம்பி நிற்பது சரியில்லை.

மெல்போர்ன் கிளப்பின் ஆங்கஸ் பிரேஷா 2023 செப்டம்பரில் தகுதி இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். பின்னர் எடுத்த ஸ்கேனில் மூளையில் மாற்றங்கள் தெரிய, 2024 பிப்ரவரியில், 28 வயதில் ஓய்வு பெற்றார். அவருக்கு ஸ்கேனும் நிபுணர்களும் கிடைத்தனர். முந்தைய தலைமுறைக்கு அதெல்லாம் இல்லை. கிரகாம் ஃபார்மர், டேனி ஃப்ராலி, ஷேன் டக் ஆகியோரின் மூளைகளில் சி.டி.இ. என்னும் சிதைவு நோய் இறந்தபின்தான் கண்டறியப்பட்டது. டக் மரணத்தை விசாரித்த விக்டோரியா மாநில மரண விசாரணை அதிகாரி, மோதல் பயிற்சிகளைக் குறைக்கும்படி 2023 டிசம்பரில் பரிந்துரைத்தார். அதே ஆண்டு முன்னாள் வீரர் மேக்ஸ் ரூக் தலைமையில் கூட்டு வழக்கும் தொடங்கியது. கணக்கெடுப்பு வீரரின் கடைசி ஆட்டத்தோடு முடிகிறது; நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் அதன்பின்தான் தெரிகின்றன. ஓய்வுபெற்றவர்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தொடர்ந்து பரிசோதிக்காத வரை இந்த ஏடு பாதி ஏடுதான்.

2017இல் தொடங்கிய மகளிர் தொடரில் ஏ.சி.எல். அறுவது ஆண்களைவிடப் பன்மடங்கு அதிகம். இதை உடலமைப்பின் தலையில் மட்டும் கட்டிவிடுவது தவறு. முதல் சீசன்களில் வீராங்கனைகள் பகுதிநேர ஒப்பந்தத்தில், வேலை முடித்து மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள்; பலர் சிறுமிகளாக இருந்தபோது தரையிறங்கவும் திரும்பவும் முறையாகக் கற்கும் வாய்ப்பே பெறாதவர்கள். மூளைச் சிதைவும் மகளிரை விட்டுவைக்கவில்லை. அடிலெய்டு அணிக்காக அந்த முதல் சீசனில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன் 2022இல் 28 வயதில் இறந்தார். சி.டி.இ. உறுதிசெய்யப்பட்ட முதல் தொழில்முறை விளையாட்டு வீராங்கனை அவர்.

உள்ளூர்த் தொடர்களுக்கு 2024 முதல் மூளையதிர்வுக்குப் பின் 21 நாள் இடைவெளி வகுக்கப்பட்டுள்ளது; ஏ.எஃப்.எல். வீரர்களுக்கு இன்றும் 12 நாள்தான். மேல்மட்டத்தில் மருத்துவர்கள் நாள்தோறும் கண்காணிக்கிறார்கள் என்பது இந்த வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணம். ஒருவரின் அறிகுறிகளை நன்கு கவனிக்க முடிகிறது என்பதால் அவர் மூளை விரைவாக ஆறிவிடாது. மோதலின் வேகமும் மேல்மட்டத்தில்தான் அதிகம். மறுபக்கம், சனிக்கிழமை மைதானங்களில் ஆடும் பெருங்கூட்டத்துக்கு 21 நாள் விதியைக் காப்பது பெரும்பாலும் தன்னார்வ நிர்வாகிகளின் பொறுப்பு. அந்த வீரர்களின் காயங்கள் 1992 முதல் நடக்கும் கணக்கெடுப்பில் சேர்வதில்லை.