கணக்கு நோட்டும் ஓவியமும்: பணிக்கரிடமிருந்து பெறும் படைப்பூக்கம்

கதை, கவிதை எழுதுவோரும் பள்ளியில் ஓவியம் கற்பிப்போரும் புதிய ஊக்கம் தேடி ஓவியக் காட்சிகளுக்குச் செல்வதுண்டு. அங்கே நவீன ஓவியம் ஒன்றின் முன் நின்றதும் பெரும்பாலோர் கேட்பது, "இதற்கு என்ன பொருள்?" என்பதே. விடை கிடைக்காவிட்டால் திரும்பிவிடுகிறார்கள். "இதை வரைந்தவர் எதைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார்?" என்று கேட்பது கூடுதல் பயன் தரும். கே. சி. எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைக் கொண்டு இதை விளக்கலாம்.

ஓவியரும் காலமும்

பணிக்கர் (1911–1977) கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கலைப் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை அதன் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக அவரே முதற்காரணம். அங்கு குடியேறிய கலைஞர்கள் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களை விற்று வாழ்க்கையை நடத்திக்கொண்டு ஓவியமும் சிற்பமும் செய்தார்கள்.

அக்காலச் சென்னை ஓவியர்கள் முன் ஒரு சிக்கல் இருந்தது. ஐரோப்பிய நவீன ஓவியத்தை நகலெடுக்கக் கூடாது. அஜந்தாவையும் திரும்ப வரைந்துகொண்டிருக்க முடியாது. இவ்விரண்டுக்கும் அப்பால் தமக்கென ஒரு வழி வேண்டும். பணிக்கரும் நிலக்காட்சிகளையும் மனித உருவங்களையும் பல ஆண்டுகள் வரைந்த பிறகே அந்த வழியைக் கண்டார்.

ஒரு நோட்டுப் பக்கம்

1963ஆம் ஆண்டு வாக்கில் ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. எண்கள், இயற்கணிதக் குறிகள், வடிவியல் கோடுகள் எல்லாம் அதில் நெருக்கமாக இருந்தன. கணக்கு சரியா தவறா என்று அவர் பார்க்கவில்லை. பக்கம் முழுவதையும் ஒரு காட்சியாகப் பார்த்தார். 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வித்து அதுவே. பின்னர் ஜாதகக் கட்டங்களையும் ஓலைச்சுவடி எழுத்துகளையும் நினைவூட்டும் வடிவங்கள் அதில் சேர்ந்தன. பார்வைக்கு மலையாளம் போலத் தோன்றும் எழுத்து வரிகள் வந்தன. ஆனால் அவற்றைப் படிக்க முடியாது. இடையிடையே சிறு உயிரினங்களும் கட்டங்களும் அமைந்தன.

இச்செய்தியை அறிந்தபோது எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு நோட்டுகளைத் திருத்தியவன் நான். ஒவ்வொரு பக்கத்திலும் தவறு எங்கே என்று மட்டுமே தேடினேன். என் வேலை அது, அதில் பிழையில்லை. ஆனால் அதே பக்கத்தில் வேறொன்றும் இருந்தது, அதை ஒருநாளும் பார்க்கவில்லை.

ஒரு தயக்கம்

படிக்க முடியாத எழுத்தை வரைவது எழுத்தை வெறும் அலங்காரமாக்குவது ஆகாதா? பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர் எவருக்கும் இந்தத் தயக்கம் எழும். அரிச்சுவடி கற்கும் முன் ஒரு குழந்தைக்கு எழுத்து என்பது வளைவும் சுழியும் கோடும்தான். படிக்கத் தெரிந்ததும் அந்த வடிவம் கண்ணிலிருந்து மறைந்து, பொருள் மட்டுமே நிற்கிறது. பணிக்கரின் ஓவியம் பொருளைத் தடுத்து நிறுத்தி, மறைந்த வடிவத்தை நமக்குத் திரும்பக் காட்டுகிறது. இதுவே இவ்வரிசையின் வலிமை.

குறையையும் சொல்ல வேண்டும். இறுதிவரை இதே வழியில் அவர் வரைந்ததில், சில ஓவியங்களில் தேடல் தணிந்து பழக்கம் மேலோங்குகிறது. அவருக்குப் பின் துணி முழுதும் எழுத்துகளை நிரப்பிய சிலரிடம் இக்குறை இன்னும் மிகுதி. அவர்கள் பணிக்கர் கண்டடைந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவர் தேடிய விதத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஊக்கம் பெற்றவர் ஒருவர்

பணிக்கர் தலைமை வகித்த காலத்தில் அப்பள்ளியில் பயின்றவர் கே. எம். ஆதிமூலம் (1938–2008). குறியீடுகள் நிறைந்த ஓவியங்களை அருகிலிருந்து பார்த்தவர், ஆனால் அவற்றைப் பின்பற்றவில்லை. கோட்டைத் தம் வழியாகக் கொண்டார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்கள் புகழ்பெற்றவை. நூல் அட்டைகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் தமிழ் எழுத்துகளைத் தம் கையால் புதிதாக வடிவமைத்தார். பணிக்கரின் எழுத்தைப் படிக்க முடியாது. ஆதிமூலத்தின் எழுத்தைப் படிக்கவும் முடியும், உருவமாகப் பார்க்கவும் முடியும். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது அதற்கு வரைந்தவரும் அவரே. கரிசல் மண்ணின் பேச்சுக்கு ஏற்ற கோடு அவரிடம் இருந்தது. பிற்காலத்தில் வண்ணப் பரப்புகளாலான அரூப ஓவியங்களுக்குச் சென்றார். முன்னோடியிடமிருந்து ஊக்கம் பெற்றும் தம் கையை இழக்காதவர் என்பதற்கு அவர் நல்ல சான்று.

நடைமுறையில்

இதைச் செய்து பார்க்க விரும்புவோர் ஓர் ஓவியத்தின் முன் பத்து நிமிடமாவது நிற்கலாம். பெயர்ப் பலகையைப் படிக்கும் முன், கண்ணில் படுவதை மட்டும் எழுதிக்கொள்ளலாம்: எத்தனை நிறம், கோடு எங்கே தடிக்கிறது, எந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்து, ஓவியத்தை மறந்துவிட்டு, பால் கணக்கு குறித்த காலண்டரையோ அம்மாவின் கோல நோட்டையோ அதே பொறுமையோடு பார்க்கலாம். எழுதவோ வரையவோ வேண்டியது அங்கேதான் இருக்கும். ஓவியத்தைப் பற்றியே கவிதை எழுத முனைந்தால் பெரும்பாலும் ஓவியரைப் பாராட்டுவதோடு நின்றுவிடும்.

சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் சென்னை ஓவிய இயக்கத்தினரின் படைப்புகளை நேரில் காணலாம். அச்சில் சிறிதாகப் பார்ப்பதை விட அது நல்லது.

என்னிடம் பழைய மாணவன் ஒருவனின் வடிவியல் நோட்டு இருக்கிறது. கவராயத்தின் முனை குத்திய துளைகள், அழித்து வரைந்த வட்டங்கள், அவற்றின் மேல் என் சிவப்பு மைக் குறிகள். அந்தக் குறிகளும் அப்பக்கத்தின் ஒரு பகுதிதான் என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.